ஆள், காகிதம், வண்டி: வாசகர் கேள்வி பதில்

பயன்படுத்திய வண்டிகளையும் டிரெய்லர்களையும் இடைத்தரகர் இல்லாமல் உரிமையாளரிடமே வாங்குவது குறித்து வந்த கடிதங்களில் ஏழு இங்கே இடம்பெறுகின்றன. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம், பெயர்களையும் ஊர்களையும் நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் பல மாதங்களாகத் தேடிக்கொண்டிருந்த கார் ஒன்று இணைய விளம்பரத்தில் சந்தை விலையில் ஏறக்குறையப் பாதிக்குக் கிடைக்கிறது. உரிமையாளர் வேலை நிமித்தம் வெளிநாடு சென்றுவிட்டாராம். கார் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் கிடங்கில் இருக்கிறதாம். பணத்தை அந்த நிறுவனத்தின் கணக்கில் செலுத்தினால் வண்டி வாசலுக்கே வரும், ஐந்து நாள் ஓட்டிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் பணம் திரும்பிவிடும் என்கிறார். அந்த நிறுவனத்தின் இணையதளமும் நன்றாகவே இருக்கிறது. நம்பலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் படத்தில் பார்த்த கார் உலகில் எங்கோ இருக்கலாம். ஆனால் அது உங்களுக்குக் கடிதம் எழுதுபவருடையது அல்ல என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேறொருவர் உண்மையாக விற்பனைக்கு வைத்த வண்டியின் படங்களை எடுத்து, விலையைப் பாதியாக்கி, தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றி மறுபடி விளம்பரம் செய்வது இந்த மோசடியின் முதல் படி. பொறுப்பான மூன்றாம் தரப்பு ஒன்று பணத்தைக் காத்து வைத்திருப்பதுபோல் காட்டுவது இரண்டாம் படி. உண்மையிலேயே அப்படிப் பணத்தை இடையில் வைத்திருந்து, பொருள் கைக்கு வந்தபின் விற்றவருக்குக் கொடுக்கும் சேவைகள் உண்டு என்பதால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. அத்தகைய சேவையை நீங்கள் தேர்ந்தெடுத்து, அதன் முகவரியை நீங்களே தேடிக் கண்டு, நீங்களே தொடர்புகொண்டால் ஒரு விதம். விற்பவர் அனுப்பிய இணைப்பைத் தட்டி உள்ளே போனால் முற்றிலும் வேறு விதம். பார்வைக்கு ஒழுங்கான ஓர் இணையதளத்தை ஒரே நாளில் உருவாக்கிவிட முடியும் என்பதால், அதன் அழகு எதற்கும் சான்றாகாது.

விளம்பரப் படங்களை இணையத்தின் படத் தேடலில் இட்டுப் பாருங்கள். அதே கார் வேறோர் ஊரில், வேறொரு விலையில், வேறொருவர் பெயரில் தென்பட்டால் அத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளலாம். தேதி எழுதிய தாளை வண்டிமேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்வது ஒரு காலத்தில் நல்ல சோதனையாக இருந்தது. படத்தைக் கணினியிலேயே உருவாக்கிவிடக்கூடிய இந்நாளில் அதையும் முழுமையாக நம்புவதற்கில்லை. நேரில் தொட்டுப் பார்க்க முடியாத வண்டிக்குப் பணம் தராதீர்கள். உரிமையாளர் ஏன் வர இயலாது என்பதற்கு அவர் சொல்லும் கதை எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் சரி. இராணுவப் பணி, மருத்துவமனை, மணமுறிவு, அண்மையில் இறந்த தந்தையின் கார் என்று இந்தக் கதைகள் பெரும்பாலும் மேற்கொண்டு கேள்வி கேட்க நமக்கே கூச்சமாக இருக்கும் வகையில் அமைந்திருப்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: நேரில் சென்று பார்த்த வேன் எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் பதிவுச் சான்றில் இருக்கும் பெயர் விற்பவருடையது அல்ல. "மாமாவின் வண்டி, அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார், வாங்குபவர் பெயரை நீங்கள் நிரப்பிக்கொண்டால் போதும்" என்கிறார். இது வழக்கத்தில் உள்ளதுதானா?

பதில்: வழக்கத்தில் உண்டு; அதனால் சரியாகிவிடாது. பழைய வண்டியை வாங்கும்போது ஆள், காகிதம், வண்டி மூன்றும் ஒன்றையொன்று ஒத்திருக்க வேண்டும். எதிரே நிற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயர் பதிவுச் சான்றில் இருக்க வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள எண் வண்டியின் உடலில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த முக்கோணத்தில் ஒரு பக்கம் அறுந்திருந்தாலும், மற்ற இரண்டும் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

உங்கள் விஷயத்தில் "மாமா" உண்மையானவராகவே இருக்கலாம். அப்படியானால் அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசவும், பெயர் மாற்றும் நாளில் அவரே நேரில் வரவும் தடை இருக்காது. வாங்குபவர் பெயர் காலியாக விடப்பட்ட கையெழுத்துக் காகிதம், தனிநபர்போல நடிக்கும் வியாபாரிகளின் அடையாளம். அவர்கள் பழுதான, விபத்துக்குள்ளான வண்டிகளை மலிவாக வாங்கி, தங்கள் பெயருக்கு மாற்றாமலே அடுத்தவரிடம் தள்ளிவிடுவார்கள். நாளை வண்டியில் குறை தெரியவந்தால், சங்கிலியின் நடுவே இருந்தவர் எந்தக் காகிதத்திலும் இருக்கமாட்டார். முகம் தெரியாத பழைய உரிமையாளரும் நீங்களும் மட்டும் எஞ்சியிருப்பீர்கள்.

அத்தகையவர்களைத் தொலைபேசியிலேயே இனங்காண ஓர் எளிய வழி உண்டு. எந்த வண்டி என்று சொல்லாமல், "வண்டி விற்பனை விளம்பரத்தைப் பார்த்துப் பேசுகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். தன் ஒரே வண்டியை விற்பவர் உடனே அதைப் பற்றிப் பேசத் தொடங்குவார், "எந்த வண்டி?" என்று கேட்பவரிடம் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கின்றன. வியாபாரம் செய்வது குற்றமல்ல, ஆனால் வியாபாரி தன்னை வியாபாரி என்று சொல்லிக்கொள்ளாததற்குக் காரணம் இருக்கும். சந்திப்பையும் வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளக் கேளுங்கள். பதிவுச் சான்றில் உள்ள முகவரியும் அந்த வாசலும் ஒன்றாக இருந்தால் பாதிச் சந்தேகம் தீரும். பொது வாகன நிறுத்துமிடத்தில்தான் சந்திப்பேன் என்று பாதுகாப்பு கருதிச் சொல்பவர்களும் உண்டு. அப்படியெனில் மற்ற இரண்டு பக்கங்களையும் இன்னும் இறுக்கமாகச் சோதியுங்கள்.

கேள்வி: வண்டியின் எண்ணை எங்கே, எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: 1980களின் தொடக்கம் முதல் தயாரான பெரும்பாலான கார்களில் சேசிஸ் எண் 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வராது. ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பக்கூடும் என்பதால் அவற்றை விலக்கியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றைக் கண்டால் அந்த எண் போலி. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குத் தயாரான வண்டிகளில் எண் இதைவிடக் குறுகியதாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பல கார்களில் இந்த எண் முன்கண்ணாடியின் அடியோரத்திலும், கதவுத் தூணில் ஒட்டிய லேபிளிலும், உடலின் உலோகத்திலும் எனப் பல இடங்களில் இருக்கும். எல்லா இடங்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று விரல் வைத்துப் படியுங்கள். திருடிய வண்டிக்கு, அதே மாடலில் அதே நிறத்தில் முறையாக ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு வண்டியின் எண்ணைச் சூட்டுவதும் நடக்கிறது. அந்த எண் மெய்யானது என்பதால் பதிவேட்டில் தேடினாலும் எல்லாம் சரியாகவே காட்டும். அங்கே காட்டிக்கொடுப்பது எண் அல்ல, அது பதிந்திருக்கும் இடம்தான்: தகட்டின் ரிவெட்டுகள் மற்றவற்றைவிடப் புதிதாக இருப்பது, பொறித்த இடத்தைச் சுற்றி மட்டும் பெயிண்ட் தடித்திருப்பது, லேபிளின் ஓரம் ஒருமுறை உரித்து ஒட்டியதுபோல் சுருங்கியிருப்பது.

கேள்வி: மீட்டர் 48,000 கிலோமீட்டர் காட்டுகிறது. வண்டிக்கு ஒன்பது வயது. மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: டிஜிட்டல் மீட்டரைத் திருப்ப முடியாது என்ற நம்பிக்கை தவறானது. சோதனைக் கருவி செருகும் துளை வழியாகவே பல வண்டிகளில் எண்ணை மாற்றிவிட முடிகிறது. ஆனால் மீட்டரைத் திருப்புபவர் வண்டியின் உடம்பைத் திருப்புவதில்லை. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து முதலில் கால்பக்கம் குனிந்து பாருங்கள். பிரேக் மிதியின் ரப்பரில் உள்ள கோடுகள் மழுங்கி, வலது ஓரம் வழவழப்பாகி, உலோகம் எட்டிப் பார்க்கிறது என்றால் 48,000 கிலோமீட்டருக்கு அது அதிகம். மிதியின் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் இன்னும் கூர்ந்து பாருங்கள். ஸ்டீயரிங்கில் கை வைக்கும் இடத்தின் பளபளப்பு, இருக்கையில் ஏறி இறங்கும் பக்கத்துத் திண்டின் தேய்வு, கியர் குமிழில் அழிந்த எண்கள் ஆகியவையும் பேசும்.

அடுத்து டயர். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு தயாரான டயர்களின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். ஒன்பது வயது வண்டியில் டயர்கள் அனைத்தும் இரண்டாம் முறை மாற்றப்பட்டவை என்று தெரிந்தால், 48,000 கிலோமீட்டருக்குள் அது எதற்குத் தேவைப்பட்டது என்று கேளுங்கள். பழைய சர்வீஸ் ரசீதுகள், ஆயில் மாற்றியபோது ஒட்டிய ஸ்டிக்கர், தகுதிச் சோதனைத் தாள் என எதில் கிலோமீட்டர் எழுதியிருந்தாலும் தேதி வரிசைப்படி அடுக்கிப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் இறங்கினால் வேறு சான்று வேண்டியதில்லை. பல வண்டிகளில் ஓடிய தூரம் மீட்டர் தவிர வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிவாகியிருக்கும் என்பதால், தகுந்த கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் அதையும் படிக்கச் சொல்லலாம். அதே கருவியால் இன்னொன்றும் தெரியவரும். எச்சரிக்கை விளக்கை அணைப்பதற்காகப் பழுதுக் குறிகளை அன்று காலைதான் அழித்திருந்தால், வண்டியின் சுயசோதனைகள் பல "முடியவில்லை" என்று காட்டும். பாட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அப்படிக் காட்டும்தான். ஆனால் விற்பனை நாளன்று பாட்டரியைக் கழற்றுவானேன்?

இங்கே என் சொந்தக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு காரைப் பார்க்கப் போனது மழை விட்ட ஒரு மாலைப் பொழுது. நனைந்த உடலில் பெயிண்டின் நிற வேறுபாடும் சிறு நெளிவுகளும் தெரியாது என்பது அன்று எனக்குத் தெரியாது. என்ஜின் ஒரே சாவித் திருப்பில் எழுந்ததைப் பார்த்து மகிழ்ந்தேன். பானெட்டில் கை வைத்திருந்தால் அது ஏற்கெனவே சூடாக இருந்தது தெரிந்திருக்கும். மறுநாள் காலை, குளிர்ந்த என்ஜின், பத்து முயற்சிக்குப் பிறகு ஒரு வாசல் நிறையப் புகையுடன் எழுந்தது. அன்றிலிருந்து, "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகிறேன். போனவுடன் முதலில் கை வைப்பது பானெட்டில்தான்.

கேள்வி: வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்து விற்கிறார்களாமே?

பதில்: விற்கிறார்கள், பெரும்பாலும் வெள்ளம் வந்த ஊரில் அல்ல, அதைப் பற்றி யாரும் பேசாத தொலைவான ஊரில். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசிப் பகுதியைக் கழுவ யாருக்கும் தோன்றாது. மண் கறை கோடாகப் படிந்திருக்கும். மாற்றுச் சக்கரத்தைத் தூக்கி அடியில் வண்டல் இருக்கிறதா என்றும், இருக்கையின் இரும்புத் தண்டவாளத்திலும் திருகாணிகளிலும் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய வண்டியில் தரைவிரிப்பு மட்டும் புதிது, உள்ளே வாசனைத் திரவியம் மூக்கைத் துளைக்கிறது என்றால் ஜன்னல்களை மூடிச் சற்று நேரம் உள்ளே அமர்ந்திருங்கள். மின்கம்பிகளின் இணைப்புகள் மெல்ல மெல்லத்தான் அரிக்கும் என்பதால் வாங்கிய அன்று எல்லாம் வேலை செய்வது எதையும் உறுதிப்படுத்தாது.

கேள்வி: சரக்கு ஏற்ற ஒரு சிறிய டிரெய்லர் வாங்க நினைக்கிறேன். என்ஜினே இல்லாத பொருளில் ஏமாற என்ன இருக்கிறது என்று நண்பர் சிரிக்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: நண்பர் சிரிக்கும் காரணமே உங்களைக் கவலைப்படச் செய்ய வேண்டும். டிரெய்லருக்கு மீட்டர் இல்லை. சர்வீஸ் புத்தகம் இருப்பது அரிது. பல நாடுகளில் சிறிய டிரெய்லர்களுக்குப் பதிவு விதிகள் தளர்வானவை, சில இடங்களில் பதிவே கிடையாது. திருடுபவருக்குச் சாவியும் தேவையில்லை, கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போனால் போதும். இவ்வளவும் சேர்வதால், காரில் உங்களுக்குக் கிடைக்கும் பாதிச் சான்றுகள் இங்கே கிடைக்காது. காகிதம் மெலிந்த இடத்தில் இரும்பைத்தான் படிக்க வேண்டும்.

முதலில் எண்ணும் தகடும். தொழிற்சாலையில் செய்த டிரெய்லரில் உற்பத்தியாளர் தகடு அடியில் உள்ள இரும்புச் சட்டத்தின் முன்பகுதியிலோ இழுவைத் தண்டிலோ இருக்கும். பலவற்றில் அதே எண் சட்டத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். தகடு இல்லாமல் நான்கு ரிவெட் துளைகள் மட்டும் இருந்தாலும், சட்டத்தில் ஒரு கையளவு இடம் மட்டும் கிரைண்டரால் தேய்த்துப் புதிதாகக் கறுப்பு பூசப்பட்டிருந்தாலும் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். "வீட்டிலேயே செய்தது, அதனால் எண் இல்லை" என்பது உண்மையான பதிலாகவும் இருக்கலாம். அப்படியானால் அதைச் செய்தவரின் பெயர், இரும்பு வாங்கிய ரசீது, உங்கள் பகுதியில் அத்தகைய டிரெய்லரைப் பதிவு செய்ய என்ன கேட்பார்கள் என்ற விவரம் ஆகிய மூன்றும் வாங்குவதற்கு முன்பே உங்கள் கையில் இருக்க வேண்டும். பதிவு அலுவலகத்தை முதல் நாளே கேட்டுவிடுவது, வாங்கியபின் கேட்பதைவிட மலிவு.

அடுத்தது எடை. விற்பவர்கள் அதிகம் திரிப்பது இதைத்தான். சிலர் தெரிந்தே, சிலர் தெரியாமல். தகட்டில் மொத்த எடை 1,500 கிலோ என்று இருந்தால், அது டிரெய்லரின் சொந்த எடையும் சேர்ந்தது. டிரெய்லர் 600 கிலோ எடையுள்ளது என்றால் நீங்கள் ஏற்றக்கூடியது 900 கிலோ மட்டுமே. "ஒன்றரை டன் தாங்கும்" என்ற பேச்சு அங்கேயே விழுந்துவிடும். தகடே பொய்யாக இருந்தால்? டயரைப் பாருங்கள். அளவுக்குப் பின்னால் வரும் எண் சுமைக் குறியீடு. 91 என்றால் ஒரு டயர் தாங்குவது 615 கிலோ. ஒற்றை அச்சில் அத்தகைய டயர் இரண்டு என்றால் 1,230 கிலோ. இழுக்கும் வண்டியின் கொக்கிமேல் இறங்கும் சிறு பங்கைக் கழித்தாலும், 1,500 என்ற கணக்கு எட்டுவது கடினம். புதிய தகட்டைப் பழைய சட்டத்தில் அடித்திருக்கிறார்கள், அல்லது யாரோ வேறு டயரை மாட்டியிருக்கிறார்கள். இரண்டில் எது என்றாலும் விற்பவர் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

டிரெய்லர் டயர்கள் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடுபவை. கோடுகள் ஆழமாக இருப்பதைக் காட்டி "புது டயர்" என்பார்கள். தேதி இலக்கங்கள் பத்து ஆண்டுக்கு முந்தையதாக இருக்கும். ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிறகு சுற்றிவிட்டுக் காது கொடுங்கள், பேரிங் கரகரத்தால் தெரிந்துவிடும். பலகைத் தரையின்மேல் புதிதாக ரப்பர் விரித்திருந்தால் அதைத் தூக்கிப் பார்க்காமல் வராதீர்கள். உங்கள் வண்டியின் கொக்கிப் பந்து 50 மி.மீட்டரா, 50.8 மி.மீட்டர் கொண்ட 2 அங்குலமா என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும், இணைப்புக்கு ஒன்றல்ல.

கேள்வி: வண்டி பிடித்தது, காகிதங்களும் சரி. "இன்னும் இருவர் வருகிறார்கள், முன்பணம் அனுப்பினால் நிறுத்தி வைக்கிறேன்" என்கிறார். அனுப்பலாமா? ஏற்கெனவே வேறு ஒருவரிடம் இப்படி அனுப்பி ஏமாந்திருக்கிறேன். அதையும் மீட்க வழி உண்டா?

பதில்: வண்டியை நேரில் பார்த்து, முக்கோணம் பொருந்தியபின் சிறு முன்பணம் தருவதில் தவறில்லை, சேசிஸ் எண், ஒத்துக்கொண்ட மொத்த விலை, எந்த நாள் வரை, திருப்பித் தருவது எப்போது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு தாருங்கள். பார்க்காத வண்டிக்கு ஒரு காசும் தர வேண்டாம். பரிசு அட்டை எண்ணையோ கிரிப்டோ நாணயத்தையோ கேட்பவர் வண்டி விற்பவரே அல்ல. "நீங்கள் உண்மையான ஆள்தானா என்று பார்க்கிறேன், உங்கள் தொலைபேசிக்கு வந்த குறியீட்டைச் சொல்லுங்கள்" என்பவர் உங்கள் கணக்கையோ எண்ணையோ கைப்பற்றப் பார்க்கிறார்.

மீதிப் பணத்தை, இயன்றால், வங்கிக் கிளைக்குள் இருவரும் அமர்ந்து மாற்றிக்கொள்ளுங்கள். கட்டுப் பணத்தோடு அறிமுகமில்லாத இடத்துக்குப் போவது மோசடியைவிடப் பெரிய ஆபத்தில் முடியலாம். வண்டியின்மேல் கடன் பாக்கி இருந்தால், அடைத்துவிடுகிறேன் என்ற வாக்கை நம்பி அவர் கையில் கொடுக்காமல், கடன் கொடுத்த நிறுவனத்துக்கே பாக்கியைச் செலுத்தி, கடன் தீர்ந்த கடிதம் வாங்கியபின் எஞ்சியதை அவருக்குக் கொடுங்கள். சற்றுப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையைத்தான் "இன்னும் இருவர் வருகிறார்கள்" என்ற வாக்கியம் குலைக்கப் பார்க்கிறது. அந்த இருவர் வாங்கிக்கொண்டு போனால் போகட்டும்.

முன்பு அனுப்பிய பணத்துக்கு, இதைப் படித்து முடிப்பதற்குள் வங்கியை அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன் நிறுத்த முடியுமா என்பது நேரத்தைப் பொறுத்தது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்கள், அனுப்பிய செய்திகள், கணக்கு எண் எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு காவல்துறையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, விளம்பரம் வந்த தளத்துக்கும் தெரிவியுங்கள். ஒருமுறை ஏமாந்தவர்களின் எண்கள் கைமாறுவதால், சில வாரங்கள் கழித்து யாரேனும் அழைத்து, வழக்கறிஞர் என்றோ புலனாய்வாளர் என்றோ சொல்லிக்கொண்டு, உங்கள் பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்கச் சிறு கட்டணம் மட்டும் செலுத்துங்கள் என்று கேட்கக்கூடும். அந்தக் கட்டணத்தைச் செலுத்தாதீர்கள். அழைத்த எண்ணைக் குறித்துக்கொண்டு, ஏற்கெனவே கொடுத்த புகாருடன் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.